சேதுக்கரை இராமனும் உத்தர காண்ட இராமனும்

காப்பியத்திற் புனையப்படும் மாந்தர்க்கு இன்றியமையாத இயல்புகள் நான்கு எனக் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது கவிதையியலில் வகுத்துரைத்தார். அவற்றுள் இறுதியாக அவர் கூறுவது ஒருமைப்பாடு. ஒருவன் முன்னுக்குப்பின் முரணான இயல்பினனாகவே படைக்கப்படினும், அம்முரணும் அவனிடத்து ஓர் ஒழுங்குடையதாய்த் தோன்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்விதி பிழைத்தமைக்கு யூரிப்பிடிசு இயற்றிய நாடகமொன்றின் தலைவியாகிய இபிஜினியாவை அவர் எடுத்துக் காட்டினார். உயிருக்காக இரந்து நின்ற அப்பெண், சிறிது பொழுதில் தானே மனமுவந்து பலியாக முன்வருகின்றாள். இரந்தவளும் முன்வந்தவளும் ஒருத்தியாகத் தோன்றவில்லை என்பதே அவர் கண்ட குறை.

ஒரே நூலினுள் நேரக்கூடிய இக்குறை, பகுதி பகுதியாய் வளரும் நெடுங்கதைகளில் இன்னும் எளிதில் நேரும். முதற் பகுதிக்கும் இறுதிப் பகுதிக்கும் இடையிற் காலம் கழிகின்றது, பாடுவோன் மாறுகின்றான், கேட்போர் விழைவும் மாறுகின்றது. அரக்கரும் வானரரும் பறக்கும் ஊர்தியும் நிறைந்த அற்புதக் கதைகளில் இவ்விடர் மிகுதி. மலையைப் பெயர்த்தலும் கடலைத் தூர்த்தலும் அத்தகைய கதைகளிற் கேட்போர்க்கு வியப்பூட்டுமேயன்றி ஐயம் விளைவிப்பதில்லை. ஆயின் அம்மலையைத் தூக்கியவன் நேற்றுப் பேசியதற்கு மாறாக இன்று பேசுவானாயின், சிறு பிள்ளையும் 'ஏன்?' என்று கேட்கும். அற்புதத்தை நம்பச் செய்வது மாந்தர் குணத்தின் உறுதியே.

இவ்வுண்மையை விளக்குதற்கு இராமகாதையினும் சிறந்த சான்று வேறில்லை. அதன் இறுதிப் பகுதியாகிய உத்தர காண்டத்தில் வரும் இராமன், முந்திய காண்டங்களில் வரும் இராமன்தானா என்னும் வினா மிகப் பழையது. அவ்வினாவை எழுப்புதற்கு மன்னார்க் கரையினும் பொருத்தமான இடமும் வேறில்லை.

மன்னாரும் இராமகாதையும்

மன்னார்த் தீவின் மேற்கு முனையாகிய தலைமன்னாருக்கும் எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடிக்குமிடையே, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்திற்கு மணற்றிட்டுகள் வரிசையாய்க் கிடக்கின்றன. தீடை என அவ்வூரார் வழங்கும் அத்திட்டுகளும் அவற்றினிடையேயுள்ள ஆழமற்ற கடலுமே இராமர் அணை என்றும் சேது என்றும் போற்றப்படுவன. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிற் 'சேது' என்னும் சொல்லைப் பொறித்தனர் என்பதிலிருந்து, இவ்வணையின் பெயர் ஈழத்து வரலாற்றோடு எத்துணை ஒட்டியது என்பது விளங்கும். 1914ஆம் ஆண்டு தொடங்கிய கப்பற் போக்குவரத்து, 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, அத்துறையையும் தலைமன்னாரையும் இணைத்து வைத்தது.

தீவுக்கு அப்பால் பெருநிலத்துக் கரையில் மாதோட்டமும், பாலாவிக் கரையமர்ந்த திருக்கேதீச்சரமும் உள்ளன. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலத்தை, மண்டோதரியின் தந்தையாகிய மயனோடு தொடர்புபடுத்தும் ஐதிகமும் உண்டு. மயன் தன் மகளை இராவணனுக்கு மணம்செய்து கொடுத்த செய்தியை விரித்துரைப்பது வான்மீகத்தின் உத்தர காண்டமே. ஆதலின் இக்கரையில் வாழ்வோர்க்கு இராமகாதையின் இரு பகுதிகளும் உரிமையுடையன. யுத்த காண்டத்தின் அணை மேற்கே கடலிற் கிடக்கின்றது. உத்தர காண்டத்தின் மயன் நினைவு கிழக்கே கோயிலில் நிலவுகின்றது. இரண்டையும் போற்றும் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால், ஒரு வினா தானே எழும்: சீதையை மீட்பதற்கென்றே கடலில் அணை கட்டியவன், மீட்டவளைக் காட்டிற் கொண்டுபோய் விடும்படி எவ்வாறு ஆணையிட்டான்?

சேதுக்கரையில் இராமன்

விடை காண்பதற்கு முன், சேதுக்கரையில் நின்ற இராமனை உற்றுநோக்குதல் வேண்டும். அவன் குணத்தின் சிறந்த கூறுகள் பல வெளிப்பட்டது அங்கேதான்.

வீடணன் நால்வரோடு வான்வழி வந்து அடைக்கலம் வேண்டுகின்றான். அவன் பகைவனின் தம்பி. போர் தொடங்கும் வேளையில் வந்தவன். இராமன் உடனே ஏற்கவுமில்லை, உடனே மறுக்கவுமில்லை. சூழ்ந்திருந்தோர் கருத்தைக் கேட்கின்றான். வான்மீகத்தில் சுக்கிரீவன், அங்கதன், சரபன், சாம்பவான், மைந்தன், அநுமன் என ஒருவர்பின் ஒருவராய்த் தத்தம் கருத்தை உரைக்கின்றனர். சிலர் ஐயுறுகின்றனர், சிலர் ஒற்றரை விட்டு ஆராய்க என்கின்றனர், அநுமன் மட்டும் ஏற்கலாம் என்கின்றான். எல்லாவற்றையும் கேட்டபின்னரே, அடைக்கலம் என்று வந்தவர் எவராயினும் அவர்க்கு அபயம் அளிப்பது தன் விரதம் என்று இராமன் முடிவு கூறுகின்றான். வந்தவன் இராவணனேயாயினும் ஏற்பேன் என்பது அவன் கூற்று. கம்பர் இவ்விடத்தில் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றார். வேட்டுவனாகிய குகனை ஐந்தாம் உடன்பிறப்பாகவும், வானரனாகிய சுக்கிரீவனை ஆறாம் உடன்பிறப்பாகவும், அரக்கனாகிய வீடணனை ஏழாம் உடன்பிறப்பாகவும் எண்ணும் இராமனை அவர் படைத்துக் காட்டினார். குலமும் இனமும் கடந்து விரியும் குடும்பம் அது.

அடுத்து நிகழ்வது கடலரசனை வேண்டல். வழி விடுமாறு வேண்டித் தருப்பைப் புல்லின்மேல் மூன்று நாள் கிடக்கின்றான் இராமன். கடல் வாய் திறவாதபோதே வில்லை வளைக்கின்றான். உயிரற்ற நீர்ப்பரப்புக்கும் தன் பக்கத்தை எடுத்துரைக்க மூன்று நாள் தவணை கொடுத்தவன் அவன்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் ஒரு பண்பு தெளிவாகின்றது. இராமன் கடுமை அறியாதவன் அல்லன், வேண்டியபோது வில்லெடுப்பவன். ஆயின் முடிவுக்கு முன் கேட்பவன். தன் பக்கத்தார் சொல்லையும் கேட்பான், எதிர்ப்பக்கத்தார்க்கும் வாய்ப்பளிப்பான். இதுவே சேதுக்கரை இராமனின் முத்திரை எனலாம்.

இக்கடற்கரைக்கு அடைக்கலம் என்பது ஏட்டுச் சொல் மட்டுமன்று. 1983க்குப் பின்னரும் 1990இலும் மன்னார்க் கரையிலிருந்து படகேறி எதிர்க்கரை நாடிச் சென்றோர் பலர். அவருட் சிலர் இத்தீடைகளிலேயே இறக்கிவிடப்பட்டுக் காத்துக் கிடந்ததுமுண்டு. வந்தவனை ஏற்பதா, விலக்குவதா என்னும் வினாவின் பாரத்தை அத்தகையோர் நன்கறிவர்.

அயோத்தியில் இராமன்

இனி உத்தர காண்டத்தை நோக்கலாம். சீதை கருவுற்றிருக்கின்றாள். கங்கைக் கரையிலுள்ள தவப்பள்ளிகளைக் காணல் வேண்டும் என்று விருப்பம் தெரிவிக்கின்றாள், இராமனும் இசைகின்றான். அப்பொழுது பத்திரன் என்பவன், இராவணன் மனையில் இருந்தவளை அரசன் ஏற்றுக்கொண்டான் என நகர மாந்தர் அலர் தூற்றுவதை உரைக்கின்றான். இராமன் தம்பியரை அழைக்கின்றான். சீதை தூயவள் என்பதைத் தன் உள்ளம் அறியும் என்கின்றான். இலங்கையில் அவள் எரிபுகுந்து மீண்டதையும் அவனே எடுத்துரைக்கின்றான். எனினும் பழிக்கு அஞ்சி அவளைக் கங்கைக்கு அப்பால் விட்டு வருமாறு இலக்குவனைப் பணிக்கின்றான். மறுத்துப் பேசுவோர் எவராயினும் தனக்குப் பகைவராவர் என்று வாயடைக்கின்றான். சீதையிடம் அவன் ஒரு சொல்லும் கூறவில்லை. அவள் விரும்பிய யாத்திரையே அவளை அகற்றும் சூழ்ச்சிக்குப் போர்வையாகின்றது. ஆற்றைக் கடந்தபின்னரே இலக்குவன் வாயிலாக அவள் செய்தி அறிகின்றாள்.

இங்குள்ள முரண்பாடு யாது? அரசன் என்ற முறையில் அவன் கடுமையான முடிவொன்றை எடுத்தான் என்பது மட்டுமன்று. பகைவனின் தம்பியை ஏற்பதற்கு முன் அறுவர் கருத்தைக் கேட்டவன், மனைவியைத் துறப்பதற்கு முன் எவரையும் பேச விடவில்லை. கடலுக்கு மூன்று நாள் கொடுத்தவன், சீதைக்கு ஒரு நாழிகையும் கொடுக்கவில்லை. நகர மாந்தரின் வாய்ச்சொல்லைக் கேட்ட செவி, அவள் வாய்ச்சொல்லைக் கேட்கவில்லை. முடிவெடுக்கும் முறையே மாறிவிட்டது. முறை மாறினால் ஆளும் மாறியது போலத் தோன்றும்.

முன்னரே வித்து இருந்ததா?

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். யுத்த காண்ட முடிவிலேயே இராமன் சீதையைக் கடிந்து பேசுகின்றான் அன்றோ? போர் செய்தது அவள்பொருட்டன்று, குலப்பெருமையின் பொருட்டே என்று அங்கே அவன் கூறுகின்றான். கம்பரும் அச்சுடுசொற்களை மறைத்தாரல்லர். ஆகவே பழிக்கு அஞ்சும் இயல்பு புதிதாக வந்ததன்று என்பர்.

இம்மறுப்பில் உண்மை உண்டு. வித்து முன்னரே இருந்தது. ஆயின் அவ்விடத்தின் அமைப்பை நுணுகி நோக்குதல் வேண்டும். சீதை வரும்போது கூட்டத்தை விலக்க முற்பட்ட வீடணனின் ஏவலரைத் தடுத்து, எல்லோரும் காணட்டும் என்கின்றான் இராமன். அவன் கூறும் கடுஞ்சொல் அவள் முகத்துக்கு நேரே கூறப்படுகின்றது. அவளும் அஞ்சாது விடையிறுக்கின்றாள். இழிந்தோன் ஒருவன் இழிந்தாள் ஒருத்தியிடம் பேசுவது போலப் பேசுகின்றாய் என்று இடித்துரைக்கின்றாள். தானே எரி வளர்க்கச் சொல்லித் தானே புகுகின்றாள். அக்கினி அவளை மீட்டுக் கொடுத்தபின், அவள் தூய்மையை முன்னரே அறிந்திருந்ததாகவும், உலகோர் நம்புதற்பொருட்டே வாளா இருந்ததாகவும் இராமன் கூறுகின்றான். கதிரவனை விட்டு ஒளி பிரியாதவாறு சீதை தன்னை விட்டுப் பிரியாள் என்பது அவன் உறுதி.

கொடுமையானதாயினும் அது வெளிப்படையான வழக்கு. இருபக்கமும் பேசின, சான்று காட்டப்பட்டது, தீர்ப்பும் கிடைத்தது. உத்தர காண்டம் அத்தீர்ந்த வழக்கைத் திரும்ப எடுக்கின்றது; இம்முறை வழக்காளி இல்லாமலே முடிக்கின்றது. வித்து ஒன்றாயினும் அதிலிருந்து இந்த மரம் வளர்ந்தவாற்றைக் கவி காட்டவில்லை. இடையில் அவன் உள்ளத்தில் நிகழ்ந்தது யாது என்பதைக் கேட்போர் அறியார்.

ஏனைய மாந்தர்

இம்மாற்றம் இராமனோடு நிற்கவில்லை. அயோத்தியா காண்டத்தில் தந்தையின் ஆணையே அறமற்றது என்று வெகுண்டெழுந்தவன் இலக்குவன். கைகேயியின் சொற்கேட்ட அரசனைச் சிறையிடவும் துணிந்தவன். அத்தகையோன் உத்தர காண்டத்தில் கண்ணீரோடு தேரேறுகின்றான். அண்ணன் முன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் மனக்கொதிப்பு மீளும் வழியிற் சுமந்திரனிடம் மட்டுமே வெளிப்படுகின்றது.

சம்பூகன் நிகழ்ச்சி இதனினும் கடியது. அந்தணச் சிறுவன் ஒருவன் இறந்ததற்குச் சூத்திரன் ஒருவன் தவம் செய்வதே காரணம் எனக் கேட்ட இராமன், தலைகீழாய்த் தவமிருந்த சம்பூகனைக் கண்டு குலம் வினவுகின்றான். விடை வந்த கணமே அவன் தலையை வெட்டுகின்றான். குகனைத் தழுவியவனும், சபரியின் விருந்தை ஏற்றவனும், பறவையாகிய சடாயுவுக்கு மகனாய் நின்று ஈமக்கடன் செய்தவனும் இவனேயோ என்று எவரும் திகைப்பர். கம்பர் காட்டிய எழுவர் குடும்பத்தைப் பயின்ற தமிழ் மாணாக்கர்க்கு இவ்விடம் பெரும் இடறலாகும்.

இராவணனைப் பற்றிய செய்தியிலும் இருவகை உண்டு. அவன் சீதையை வலிதிற் றீண்டாமைக்கு யுத்த காண்டம் கூறும் காரணம், புஞ்சிகத்தலை என்னும் அரம்பைக்கு அவன் இழைத்த தீங்கின்பொருட்டுப் பிரமன் இட்ட சாபம். உத்தர காண்டமோ அரம்பையை அவன் வலிந்தமையால் நளகூபரன் இட்ட சாபம் என்கின்றது. எனினும் இராவணன்வரை உத்தர காண்டம் செய்த உதவி பெரிது. அவன் பிறப்பு, தவம், வரம், கைலையெடுத்து நைந்த வரலாறு ஆகியவற்றை அகத்தியர் வாயிலாக விரித்துரைத்து, அவனை வெறும் கொடியோனாக விடாது வரலாறுடைய ஒருவனாக்கிற்று. அவன் கைலையெடுத்து அடர்க்கப்பட்டு அருள்பெற்ற செய்தியைத் திருஞானசம்பந்தர் தம் பதிகங்களிற் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் அமைத்துப் பாடினார் என்பதைச் சைவர் யாவரும் அறிவர்.

சீதையின் படைப்பு இவற்றினின்றும் வேறுபட்டது. அவளிடத்தில் முரண் இல்லை, வளர்ச்சி உண்டு. இலங்கையில் இராமன் முகத்தை நோக்கி இடித்துரைத்தவள், கங்கைக் கரையில் அவனுக்குப் பழி நேராதிருக்கத் தன் துயரைப் பொறுக்கின்றாள். ஈற்றில் அவையோர் முன் மீண்டும் சூள் உரைக்குமாறு அழைக்கப்பட்டபோது, தன் தூய்மை மெய்யாயின் நிலமகள் தனக்கு இடம் தருக என்று கூறி மண்ணிற் புகுகின்றாள். முதன்முறை எரியிற் புகுந்தது கணவனிடம் மீளுதற்கு. இம்முறை மண்ணிற் புகுந்தது மீளாதிருத்தற்கு. படிப்படியாய் வந்த முடிவு அது. ஒரு பாத்திரம் மாறுவதற்கும் பிறழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர், உத்தர காண்டத்துச் சீதையையும் இராமனையும் அருகருகே வைத்துக் காண்டல் தகும்.

பிற்சேர்க்கையின் சுவடுகள்

இம்முரண்பாட்டுக்குக் காரணம் யாது? உத்தர காண்டம் பிற்காலத்தார் சேர்த்தது என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. செருமானிய அறிஞர் எர்மன் யாக்கோபி 1893இல் வெளியிட்ட நூலில், பால காண்டத்தின் பெரும்பகுதியும் உத்தர காண்டமும் பின்னர் வந்தவை என நிறுவ முயன்றார். நூற்பயன் கூறும் பகுதி யுத்த காண்ட ஈற்றிலேயே அமைந்திருக்கின்றது. இராமன் நெடுங்காலம் நல்லாட்சி புரிந்தமையும் அங்கேயே கூறி முடிக்கப்படுகின்றது. மகாபாரதத்து வனபருவத்தில் வரும் இராமோபாக்கியானமும் முடிசூட்டோடு நிறைவுறுகின்றது. சீதை துறக்கப்பட்ட செய்தி அதில் இல்லை. வடோதராவிலுள்ள கீழைத்தேய ஆராய்ச்சி நிறுவனம் பல சுவடிகளை ஒப்புநோக்கி 1960 முதல் 1975 வரை வெளியிட்ட ஆய்வுப் பதிப்பு, உத்தர காண்டத்தையும் ஏழாம் காண்டமாக உட்கொண்டுள்ளது. கிடைக்கும் சுவடிகளில் அது நெடுங்காலமாக இடம்பெற்று வந்தமை இதனாற் பெறப்படும். மரபு வழியினரும் ஏழு காண்டங்களையும் ஒன்றாகவே போற்றுவர்.

பிற்காலத்தான் ஒருவன் பாடினான் என்பதனால் மட்டும் முரண் விளக்கமாகிவிடாது. அவன் நோக்கம் வேறு என்பதே விளக்கம். முன்னைய காண்டங்கள் வினவியது, துன்பம் வந்துற்ற ஒரு மனிதன் எங்ஙனம் நடக்கவேண்டும் என்பதை. உத்தர காண்டம் வினவுவது, குடிகள் முன் ஓர் அரசன் எங்ஙனம் தோன்றவேண்டும் என்பதை. புதிய வினாவுக்கு விடையாகப் பழைய தலைவனையே நிறுத்தியபோது, அவன் உருவம் புதிய சட்டத்துள் அடங்கவில்லை. பாடியவரும் இதனை உணர்ந்தார் போலும். சுமந்திரன் இலக்குவனைத் தேற்றும்போது பழைய மறைபொருளொன்றை வெளியிடுகின்றான். தன் மனைவியைக் கொன்ற திருமாலுக்கு, மனிதப் பிறவியில் மனைவியைப் பிரிவாய் எனப் பிருகு முனிவர் இட்ட சாபமே இதற்குக் காரணம் எனத் துருவாசர் தசரதனுக்கு முன்னரே உரைத்தார் என்பது அச்செய்தி. குணத்தால் விளக்க இயலாத செயலைச் சாபத்தால் விளக்குதல், கிழிந்த இடத்தை ஒட்டுப்போட்டு மறைப்பது போன்றது. ஒட்டு இருக்குமிடமே கிழிசல் இருந்ததைக் காட்டிவிடும்.

பின்வந்தோர் கண்ட வழிகள்

இக்கிழிசலைக் கண்ட பெரும்புலவர் தத்தமக்கு ஏற்ற வழியை நாடினர். எட்டாம் நூற்றாண்டினரான பவபூதி தம் உத்தரராம சரிதத்தில் இராமனின் உள்ளத்தைத் திறந்து காட்டினார். பெரியோர் அனைவரும் வேள்விக்குச் சென்றிருந்த தனிமையில் அவன் அம்முடிவை எடுக்கின்றான் என அமைத்தார். ஆண்டுகள் கழிந்தபின் தண்டகாரணியத்தில் அவன் கதறி மயங்குவதையும், கண்ணுக்குப் புலனாகாத சீதை அதனைக் காண்பதையும் புனைந்தார். சம்பூகனை வெட்டும் இடத்தில், சீதையைத் துறந்த கையே உனக்கு இரக்கம் எங்கே என்று தன் கையையே அவன் கடிந்துகொள்கின்றான். இறுதியில் இருவரையும் சேர்த்தும் வைத்தார். நிகழ்ச்சியை மாற்றாமல் நெஞ்சை நிரப்பியது முன்பகுதி; முடிவையே மாற்றியது பின்பகுதி.

கம்பர் கொண்ட வழி மௌனம். முடிசூட்டுக்குப்பின் விடைகொடுத்த படலத்தோடு அவர் நூலை முடித்தார். தமிழில் வழங்கும் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்பர். கம்பர் காட்டும் இறுதிக் காட்சியில் இராமன் விருந்தினர்க்கும் நண்பர்க்கும் வரிசை செய்து விடைகொடுக்கின்றான். சேதுக்கரையில் அடைக்கலம் பெற்ற வீடணனும் அவ்வாறே இலங்கைக்கு மீள்கின்றான். அக்கரையில் விரிந்த குடும்பம் குறையாமலே நூல் நிறைவுறுகின்றது.

இக்காலத்தில் இராசாசியும் அவ்வழியையே பின்பற்றினார். 1958இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அவரது 'சக்கரவர்த்தித் திருமகன்' முடிசூட்டோடு முடிகின்றது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதை வேறு வழியிற் சென்றது. கல்லாயிருந்த அகலிகைக்கு உயிர் கொடுத்த இராமன், சீதையை எரிபுகச் செய்தான் என்பதை அகலிகையே கேட்டறிகின்றாள். கேட்டவள் மீண்டும் கல்லாகின்றாள். ஒருத்திக்கு ஒரு நீதியும் மற்றொருத்திக்கு வேறு நீதியுமா என்னும் கேள்வியைக் கதையினுள்ளிருக்கும் ஒரு பெண்ணே எழுப்பியது அக்கதையின் சிறப்பு. முரண்பாட்டை மூடாமல் அதனையே கதைப்பொருளாக்கினார் அவர்.

தொடர்ச்சி நூல் என்றாலே குறையுடைத்து என்பதும் பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியாகிய மணிமேகலை, வேறொரு புலவர் வேறொரு சமய நோக்கோடு பாடியதே. எனினும் அதில் வரும் மாதவி துறவு பூண்டு, மணிமேகலை கண்ணகியின் மகள் என்று உரைக்கும்போது எவரும் திகைப்பதில்லை. கோவலன் இறந்த துயரால் அவள் உள்ளம் துறவை நாடியது சிலம்பிலேயே கூறப்பட்டுவிட்டது. கண்ணகி மதுரையை எரித்த வினைக்குத் தான் பயன்துய்க்க வேண்டியிருத்தலை மணிமேகலைக்கு எடுத்துரைக்கின்றாள். அவ்வினைக் கொள்கையையும் மதுராபதித் தெய்வம் சிலம்பிலேயே தொடக்கி வைத்தது. சாத்தனார் முன்னோன் வைத்த கல்லின்மேலேயே தம் கல்லை வைத்தார். மேனாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. செர்வாந்திஸ் 1605இல் வெளியிட்ட டொன் குவிக்ஸோட் கதைக்கு 1614இல் பிறனொருவன் போலித் தொடர்ச்சி எழுதினான். அதில் தலைவனும் ஏவலனும் வெறும் நகைப்புக்கு உரியோராயினர். 1615இல் செர்வாந்திஸ் தாமே எழுதிய இரண்டாம் பகுதியில் அவ்விருவரும் பெரிதும் மாறுகின்றனர். எனினும் அம்மாற்றம் அவர்தம் பட்டறிவிலிருந்தே பிறக்கின்றது.

முடிவுரை

உத்தர காண்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணாக்கர்க்கும் இரண்டு எளிய வழிகள் காத்திருக்கின்றன. இராமன் செய்தவையெல்லாம் சரியே என நிறுவச் சாபத்தையும் விதியையும் துணைக்கழைப்பது ஒன்று. இவ்வொரு காண்டத்தைக் கொண்டு சேதுக்கரை இராமனையும் சேர்த்துத் தள்ளிவிடுவது மற்றொன்று. இரண்டும் நூலைப் படியாமைக்கே இட்டுச்செல்லும். எந்த இடத்தில், எதனால், எவ்வளவில் ஒருவன் தன் இயல்பினின்றும் விலகினான் என அளந்தறிதலே கல்வியின் பயன்.

அவ்வாறு அளப்போர்க்கு உத்தர காண்டத்திலேயே ஓர் ஒளி தென்படும். வான்மீகி முனிவர் சீதையின் தூய்மைக்குச் சான்று பகர்ந்தபோது, அவள் குற்றமற்றவள் என்று அறிந்தும் ஊர்ப்பழிக்கு அஞ்சித் துறந்தேன், பொறுத்தருள்க என்று இராமன் வேண்டுகின்றான். அவள் மண்ணுட் புகுந்தபின் வெகுண்டு, சீதையைத் திருப்பித் தா, இன்றேல் உன்னை அழிப்பேன் என்று நிலமகளை அச்சுறுத்துகின்றான். கடலை நோக்கி வில் வளைத்தவனின் குரல் அது. முன்பு மூன்று நாள் வேண்டிப் பின் சினந்தான், கடல் வழிவிட்டது. இங்கே ஒரு சொல்லும் கேளாது துறந்துவிட்டுப் பின் சினக்கின்றான்; நிலம் வழிவிடவில்லை. கேட்டு முடிவெடுத்தவன் அணையைக் கட்டினான். கேளாது முடிவெடுத்தவன் அவ்வணையால் மீட்டவளை இழந்தான். சேதுக் கடலைக் காணும் மன்னார்க் கரை மாணாக்கர்க்கு இராமகாதையின் இறுதிப் பகுதி உணர்த்தும் பாடம் இதுவே.